மூடிய கதவைத் தட்டியவன்

மூன்று பேரும் ஒன்றாக வருவதைக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்ததுமே மக்பால் தட்டச்சு செய்வதை நிறுத்தினாள். முன்னால் வந்தவர் அவளுடைய மேலதிகாரி செரிக்பாய். பக்கத்தில் வந்தவர் அதே அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றுப்போன பழைய தலைவர். அவர்கள் வந்ததில் அதிசயமில்லை. மூன்றாவது ஆளைப் பார்த்ததும்தான் ஈரக்குலை நடுங்கியது. அவர் அவள் கணவன் ஓராஸின் பெரியப்பா தோக்தார். வீட்டில் சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாத மனிதர். இன்று வெல்வெட் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக, யாரோ பின்னாலிருந்து தள்ளுவது போல மெதுவாக நடந்து வந்தார்.

அல்மாத்தி நகரத்தில் எந்தக் கசாக் பெண்ணுக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சாவைப் போனில் சொல்ல மாட்டார்கள். ஒற்றை ஆளாக வந்து போட்டு உடைக்கவும் மாட்டார்கள். மூத்தவர்கள் சேர்ந்து வருவார்கள், உட்காரச் சொல்வார்கள், பருந்தையோ குதிரையையோ பற்றிச் சுற்றி வளைத்துப் பேச ஆரம்பிப்பார்கள். கடைசி வார்த்தை வரும்போது கேட்கிறவளுக்கே தெரிந்திருக்கும்.

"மருமகளே, எந்திரிக்காத. அப்படியே உக்காரும்மா" என்றார் தோக்தார்.

"வேணாம் பெரிய மாமா. ஆரம்பிக்காதீங்க."

"ஒரு வேட்டைக்காரன் கையில ஒரு பருந்து இருந்துச்சு..."

"பருந்தும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

அவர் நிறுத்தவில்லை. இந்த மாதிரிப் பேச்சை ஆரம்பித்தவர் நடுவில் நிறுத்தக் கூடாது. அந்த அறையில் அந்த நேரத்தில் மக்பாலைக் கொல்லாமல் கொன்றது அந்த முறைதான்.

நேற்று இதே நாற்காலியில் அவள் உச்சி குளிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதைச் சொன்னால்தான் இது புரியும்.

நகரத்துக்கு மேலே, மலையில், பனி உருகித் தேங்கும் ஏரிகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். ஏழாம் ஏரியின் கரை கல்லும் பழைய பனிக்கட்டியும் சேர்ந்தது. கோடை வெயிலில் அது எந்த மத்தியானம் வேண்டுமானாலும் உடையலாம். உடைந்தால் தண்ணீர் தண்ணீராக வராது. பாறையும் சேறும் மரமுமாகப் பள்ளத்தாக்கில் இறங்கி, கீழே இருக்கும் தாஸ்புலாக் கிராமத்தை வாரிக்கொண்டு போகும். அதனால் ஏரிக்குப் பக்கத்து முகட்டில் ஒரு காவல் குடில் உண்டு. கோடை முழுக்க அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள்தான் மக்பாலின் கணவன் ஓராஸ்.

குடிலில் ஒரு கணினி. அதில் இரண்டு நிரல்கள். ஒன்று, ஏரியில் நட்ட கம்பியிலிருந்து நீர்மட்டத்தைப் படிக்கும். இன்னொன்றில் ஒரு பட்டன் இருக்கும், அதன்மேல் 'கண்ணால் பார்த்தேன்' என்று எழுதியிருக்கும். கம்பி பொய் சொல்லும், பனிக்கட்டி மோதினால் சாய்ந்துவிடும். அதனால் ஆள் கரைக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்தப் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்திவிட்டால் நகரத்தில் இருக்கிற அலுவலகம் அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்காது. இந்த இரண்டு நிரல்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள ஒரு லைப்ரரி இருந்தது. எந்த நிரலிலும் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம், பேச்சைச் சுமந்து போகும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். அதை எழுதியவள் மக்பால்.

அதில் அவளுக்கே பிடிக்காத ஒரு விஷயம் இருந்தது. ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டு நிரல்களும் நெட்வொர்க் வழியாகப் பேசின. பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கிற இருவர், வாசல் வழியாகத் தெருவுக்குப் போய், சுற்றி வந்து, மறுபடி அதே வீட்டு வாசல் கதவைத் தட்டிப் பேசுகிற மாதிரி. மலையில் மின்னல் விழுந்து நெட்வொர்க் படுத்தால் இரண்டும் ஊமையாகிவிடும். ஓராஸ் இந்தக் கோடையில் அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டிருந்தான். 'இன்னைக்கும் பட்டன் வேலை செய்யல, மின்னல்.' 'ரேடியோவும் அவுட்டு.' அந்தப் பட்டன் நிரலிலேயே இரண்டு வரி எழுதி அனுப்பவும் இடம் உண்டு. கணவனும் மனைவியும் மாலையில் அதில்தான் கொஞ்சிக்கொண்டார்கள், சண்டையும் போட்டுக்கொண்டார்கள். குடிலில் மொபைல் எடுக்காது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

புருஷன் படும் பாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் மக்பால் உட்கார்ந்து லைப்ரரியை மாற்றினாள். நெட்வொர்க்கை எடுத்துவிட்டு லோக்கல் சாக்கெட் வைத்தாள். அதாவது, அந்த ஒரே கணினிக்குள் மட்டும் இருக்கிற ஒரு வழி. இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் ஒரு கதவு. தெருவுக்குப் போக வேண்டாம். மின்னல் அடித்தால் அடித்துக்கொள்ளட்டும். வெளியாள் யாரும் தட்டவும் முடியாது, ஏனென்றால் வீட்டுக்குள் இருந்தால்தான் அந்தக் கதவு கண்ணுக்கே தெரியும்.

"புருஷனுக்குப் பொறந்தநாள் பரிசா?" என்று கேலி செய்தான் பக்கத்து மேஜை ஆர்த்தூர் சோய். நெட்வொர்க் முழுக்க அவன் பொறுப்பு. "எங்க வீட்டுக்காரி எனக்கு வெறும் காலுறைதான் வாங்கித் தந்தா. உம் புருஷனுக்குக் கதவு!"

"உனக்குக் காலுறையே அதிகம், போடா."

அனுப்புவதற்கு முன்னால் ஓராஸுக்கு அவள் எழுதிய கடைசி வரி, 'உனக்கு உள்ள ஒரு புதுக் கதவு வைக்கறேன். தெறந்து பாரு.' அவனுடைய கடைசி வரி, 'என்ன கதவு?'

அதற்குள் அவள் தன் கணினியில் அனுப்பும் பொத்தானை அழுத்தியிருந்தாள். புது லைப்ரரி மலைக்குப் போனது, குடிலில் இரண்டு நிரல்களும் அணைந்து எழுந்தன, எல்லாம் பச்சை. பிறகு ஒரு பட்டனும் வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை. மாலையில் கொஞ்சலும் இல்லை, சண்டையும் இல்லை. மக்பால் வீட்டுக்குப் போகாமல் லைப்ரரியை வரிவரியாகப் பிரித்துப் பார்த்தாள். கதவு நன்றாகத்தான் இருந்தது. திறந்துதான் இருந்தது. உள்ளே யாரும் வரவில்லை.

விடிந்ததும் வனக்காவலர் ஒருவர் குதிரையில் முகட்டுக்கு ஏறிப் போனார். அவர் ரேடியோவில் சொன்னது செரிக்பாய்க்கு மட்டும் கேட்டது. அடுப்பு சாம்பல் இறுகிக் கிடக்கிறது. ரொட்டியில் பூசணம். கோட்டு ஆணியில் தொங்குகிறது. ஏரிக்கரையில் ஒரு பனிக்கட்டிப் பாளம் புதிதாக உடைந்திருக்கிறது.

இதற்கு மேல் செரிக்பாய் என்ன யோசிப்பார்? தோக்தாருக்குப் போன் போட்டார்.

"...அந்தப் பருந்து ஒரு நாள் உசரத்துல பறந்துச்சு மருமகளே. கூப்பிட்டா எறங்கி வரும்னு வேட்டைக்காரன் கைய நீட்டிக்கிட்டே நின்னான்..."

மக்பால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. என் கதவுதான் கொன்றதா என்று ஒரே கேள்வி மண்டைக்குள் சுற்றியது. பட்டன் வேலை செய்யவில்லை என்று பார்க்கக் கம்பியருகே போனானா? கரை உடைந்ததா?

"மக்பால்." ஆர்த்தூர் கூப்பிட்டான்.

"டேய், நேரங்காலம் தெரியாம!" என்று சீறினார் செரிக்பாய்.

"அகா" என்று மூத்தவரை அழைக்கும் மரியாதையோடு சொன்னான் அவன், "மன்னிச்சுக்குங்க. ஆனா இவ இதப் பாக்கணும்." ஆர்த்தூரின் முகம் பேயறைந்தது போல இருந்தது. "குடில் கணினில யாரோ தட்டறாங்க. இப்ப. பழைய கதவுல."

மக்பால் எழுந்து அவன் திரைக்குப் போனாள். நேற்று வரை பட்டன் நிரல் வந்து தட்டிய வாசல் அது, அவள் மூடிய வாசல். மூடிய பிறகும் வெளியிலிருந்து யாரோ அதைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுவதும், இடமில்லை என்று கணினி திருப்பி அனுப்புவதும் வரிசையாக ஓடியது. இரண்டு தட்டு. கொஞ்சம் சும்மா. பிறகு கோபத்தில் படபடவென்று ஐந்தாறு. மறுபடி அமைதி.

யந்திரம் இப்படித் தட்டாது. யந்திரத்துக்குக் கோபம் வராது. இந்தக் கோபம் அவளுக்குத் தெரியும். சாவி கிடைக்காத நாளில் அவன் வீட்டுக் கதவையும் இப்படித்தான் தட்டுவான்.

"ஓராஸ்" என்றாள். தூக்கிவாரிப் போட்டது. "உசுரோட இருக்கான்! பெரிய மாமா, உசுரோட இருக்கான்!"

தோக்தார் வாயைத் திறந்தபடி நின்றார். பருந்து பாதி வானத்தில் நின்றது.

"அடுப்பு சாம்பல் இறுகிக் கெடக்கு, ரொட்டியில பூசணம்னு வனக்காவலர் சொன்னாரேம்மா" என்றார் செரிக்பாய்.

சந்தோஷம் அவளிடம் ஒரு மூச்சு நேரம்தான் தங்கியது. குடிலுக்குள் இருக்கிறவன் ஏன் வெளியிலிருந்து தட்ட வேண்டும்? உள்ளே இருந்தால் பட்டன் நிரல் தானாகவே நடுக்கதவு வழியாகப் போயிருக்கும், அவன் ஒன்றும் செய்யாமலே. புதுக் கதவு வைத்ததால் யாருடைய பேச்சு நின்றதோ, அந்த ஆள் வீட்டுக்குள் இல்லை. நேற்றும் இல்லை. அடுப்பும் ரொட்டியும் சொல்வதைப் பார்த்தால், கோடை முழுக்கவே இல்லை.

"எங்கேர்ந்து தட்டறான்?" என்றாள். அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

ஆர்த்தூர் முகவரியைக் காட்டினான். "கீழ. தாஸ்புலாக் சைரன் ரூம்லேர்ந்து."

செரிக்பாயின் கையிலிருந்து மூக்குக்கண்ணாடி நழுவியது.

அந்த அறையை யாரும் மறக்கவில்லை. இரண்டு கோடைக்கு முன்னால் ஏழாம் ஏரி உடைந்தது. மேலே முகட்டில் இருந்த ஓராஸ் பார்த்துவிட்டு ரேடியோவில் கத்தினான். கீழே கிராமத்து வாய்க்காலோரம் சைரன் அறையில் இருந்தவன் தெமிர், ஓராஸின் சிநேகிதன். தெமிர் சைரனின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். ஊர் ஓடித் தப்பியது. சுற்றியவன் தப்பவில்லை. பிறகு அரசாங்கம் இன்னும் கெட்டியாக ஒரு அறை கட்டி, கம்பி சொன்னால் தானாக அலறும் சைரனும் அதற்கொரு கணினியும் வைத்து, கையால் சுற்றும் கைப்பிடியையும் விட்டுவைத்து, பூட்டுப் போட்டுவிட்டுப் போனது. சாவி ஓராஸிடம் இருந்தது.

மக்பால் அவர்கள் மூவர் முகத்தையும் பார்த்தாள். சும்மா இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்ததை மறைக்க வேண்டியதில்லை, வந்தது. இந்த நிமிஷம் வரை அவர்களுக்கு அவன் ஏரியைக் காத்துவிட்டுக் கீழே இறங்கித் தப்பிய ஆண்பிள்ளை. இவள் வாயைத் திறந்தால் அவன் அலுவலகத்தின் கண்ணில் மண்ணைத் தூவிய பொய்யன். ஆர்த்தூருக்குத் தெரியும், ஆனால் அவன் இவள் சொல்லாமல் மூச்சுவிட மாட்டான்.

ஆனால் பட்டன்? இத்தனை நாளும் வந்த 'கண்ணால் பார்த்தேன்'?

"அகா" என்றாள். "ஓராஸ் மேலயே போகல. எந்தப் பட்டனும் மேலேர்ந்து வரல. ஏரிய யாருமே பாக்கல."

"என்னம்மா சொல்ற?"

"கண்ணால பாத்தேன்னு சொன்ன கண்ணு அங்க இல்ல அகா!"

"ஐயோ, பாவி!" செரிக்பாய் தலையில் அடித்துக்கொண்டார். "அந்தப் பட்டன நம்பித்தானே பிள்ளைங்க முகாமுக்கு நான் அனுமதி குடுத்தேன்! தாஸ்புலாக்ல ஒரு பஸ் பிள்ளைங்க இருக்கும்மா!"

"கம்பி என்ன சொல்லுது?" என்றார் பழைய தலைவர். அதுவரை பேசாதவர்.

மக்பால் பார்த்தாள். நீர்மட்டம் ஒரே இடத்தில் நின்றது. நேற்றும் அதே எண், அதற்கு முந்தின நாளும் அதே எண். வெயில் கொளுத்துகிற கோடையில் ஒரு ஏரி அசையாமல் நிற்குமா? ஆள் பார்த்தேன் என்று சொன்னதால் அதை யாரும் கேட்கவில்லை.

செரிக்பாய் ரேடியோவைப் பிடுங்கினார். "தம்பி, குதிரைக்காரத் தம்பி! ஆளத் தேடறத விடு! தண்ணி எங்க நிக்குது?"

கரகரப்புக்கு நடுவே பதில் வந்தது. "அபாயத்துக்குப் போட்ட சிவப்புக் கோடு தண்ணிக்கு அடில இருக்கு அகா. கம்பி பனிக்கட்டி மேல படுத்துக் கெடக்கு. நான் அப்பவே சொல்ல வந்தேன், நீங்கதான் ஆளு எங்க ஆளு எங்கன்னு கேட்டுட்டு வச்சிட்டீங்க."

பழைய தலைவர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

கம்பி படுத்துவிட்டது, அதனால் தானாக அலறும் சைரன் அலறாது. அலுவலகத்திலிருந்து அலற வைக்கும் வசதி திட்டத்தில் இருந்தது, நிஜத்தில் அதற்கென்று போட்ட தனி வயரைப் போன குளிர்காலத்தில் எலி தின்றுவிட்டது. செரிக்பாய் தாஸ்புலாக் ஊர்த்தலைவருக்குப் போன் போட்டார். எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போட்டார். எடுக்கவில்லை. காவல் நிலையத்தில் எடுத்த பையன், வண்டி அனுப்புகிறோம், ஆனால் மலைப்பாதை என்றான்.

"இன்னைக்கு அங்க கல்யாணம்" என்றார் தோக்தார். "எனக்கே அழைப்பு வந்துச்சு. ஊரே கூடாரத்துல இருக்கும். தோம்ப்ரா வாத்தியமும் ஸ்பீக்கருமா அலறிக்கிட்டு இருக்கும். யாரு போன எடுப்பா?"

"ஓராஸ் போனு?" என்றார் செரிக்பாய்.

"அணைச்சு வச்சிருப்பான்" என்றாள் மக்பால் கசப்போடு. "மலையில மொபைல் எடுக்காதே!"

திரையில் மறுபடி தட்டல். இரண்டு. கொஞ்சம் அமைதி. பிறகு ஒன்றே ஒன்று.

மக்பால் ஆர்த்தூரை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். மூடிய கதவைத் திறந்தால் போதும், தட்டுகிறவன் உள்ளே வருவான். சைரன் அறைக் கணினியில் அவன் வைத்துக்கொண்ட பட்டன் நிரலின் பிரதி இன்னும் பழைய லைப்ரரியில்தான் ஓடுகிறது, பழைய வாசலைத்தான் தேடுகிறது. குடிலில் புதியதை நிறுத்தினாள். பழையதை எடுத்து வைத்தாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள்.

"மூச்சு விடு" என்றான் ஆர்த்தூர். கேலி இல்லாத அவன் குரலை அவள் அப்போதுதான் முதல்முறை கேட்டாள்.

பழைய கதவு திறந்தது. அடுத்த தட்டலிலேயே அவன் உள்ளே வந்துவிட்டான். வந்ததும் முதலில் என்ன செய்தான் தெரியுமா? பட்டனை அழுத்தினான். 'கண்ணால் பார்த்தேன்.' அந்த வரி மக்பாலின் கண்ணெதிரே திரையில் வந்து விழுந்தது. கன்னத்தில் அறைந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அவள் எழுதினாள். 'நீ சைரன் ரூம்ல இருக்க. எனக்குத் தெரியும். ஏரி நெறஞ்சிடுச்சு, கம்பி சாஞ்சிடுச்சு. கையால சுத்து. சுத்திட்டு மேட்டுக்கு ஓடு. கேக்குதா, ஓடு.'

திரை வெறுமையாக நின்றது. எழுதிவிட்டோமே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தெமிரை விழுங்கிய இடத்தில் நிற்கிறவனிடம், அதே வேலையைச் செய் என்று சொல்லியிருக்கிறாள். பெரியவர்கள் காலையில் கொண்டுவந்த செய்தியை இவளே தன் கையால் உண்மையாக்கப் பார்க்கிறாளா?

ஒற்றைச் சொல் வந்தது. 'சரி.'

பிறகு ரேடியோவில் குதிரைக்காரரின் குரல். "கீழ சைரன் கேக்குது அகா! யாரோ கையால சுத்தறாங்க, ஏறி ஏறி எறங்குது!"

செரிக்பாய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி மேஜையில் வைத்தார். எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். கரகரப்புக்குள் எங்கோ ஆழத்தில் அந்த அலறல் கேட்டது. ஜனங்கள் மேட்டில் ஏறுகிறார்கள், பஸ் ஒன்று கிளம்புகிறது, வெள்ளை உடுப்பில் யாரோ ஒரு பொண்ணு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள் என்று குதிரைக்காரர் மேலிருந்து பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தார். குதிரை கனைப்பது கேட்டது. திடீரென்று அவர் பேச்சை நிறுத்தினார்.

"அல்லாவே" என்றார். "கரை போகுது."

அதற்குப் பிறகு வந்தது சத்தம் என்றே சொல்ல முடியாது. ரேடியோ அதைத் தாங்காமல் கிறீச்சிட்டது. அதன் அடியில் இன்னும் சைரன் சுற்றிக்கொண்டிருந்தது. "விடுடா, விட்டுட்டுப் போடா!" என்று மக்பால் ரேடியோவைப் பார்த்துக் கத்தினாள். கத்துவது அங்கே கேட்காது என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை. சைரன் ஒருமுறை ஏறியது. ஏறிய இடத்திலேயே அறுந்தது.

தோக்தார் வெல்வெட் தொப்பியைக் கழற்றினார். என்ன நினைத்தாரோ, மறுபடி வைத்துக்கொண்டார்.

அதற்குப் பின்னான மணிக்கணக்கான நேரத்தை மக்பாலால் பிறகு ஞாபகத்துக்குக் கொண்டுவரவே முடியவில்லை. செரிக்பாய் ஜீப்பை எடுத்துக்கொண்டு போனார், பாதை சேற்றில் மூழ்கியதால் பாதியில் நின்றார். ஆர்த்தூர் பால் தேநீர் கொண்டுவந்து வைத்தான், அது ஆடை படிந்து ஆறியது. தோக்தார் அவள் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார், பருந்துக் கதையை முடிக்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்கள்.

வெயில் சாயும் நேரத்தில், மேட்டுப் பாதையைச் சுற்றிக்கொண்டு, அலுவலக வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. முகாமின் பஸ். அதிலிருந்து முதலில் இறங்கியவன், கோட்டில் ரோஜா குத்திய ஒரு இளைஞன், இடுப்புவரை சேறு. அவனுக்குப் பின்னால் ஓராஸ். தலை முதல் கால் வரை ஒரே சாம்பல் நிறம். கண் இரண்டும் மட்டும் தெரிந்தன.

"இவரு வீட்டம்மா யாருங்க?" என்று கேட்டான் ரோஜாக்காரன், கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே வந்து. "நான்தான் மாப்பிள்ளை. கல்யாண மாப்பிள்ளை. இவர எங்க கூட்டிட்டுப் போறதுன்னு தெரியல. மேட்டுக்கு ஓடி வாங்கன்னா வரவே மாட்டேங்கறாரு. சுத்திக்கிட்டே நிக்கறாரு. நாந்தான் இடுப்பப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். கைப்பிடியோட வந்துட்டாரு, பாருங்க!"

தடுப்புக்கு வெளியிலேயே நின்ற ஓராஸின் கையில் இன்னும் அந்த இரும்புக் கைப்பிடி இருந்தது.

"ஊர்ல யாருக்கும்..?" என்றார் தோக்தார்.

"ஆளுங்க எல்லாரும் பத்திரம் தாத்தா. பிள்ளைங்களும். ஆடு கொஞ்சம் போச்சு, கூடாரம் போச்சு. சைரன் ரூம் இருந்த எடத்துல எங்க வீடு சைசுக்கு ஒரு பாறை உக்காந்திருக்கு." அவன் மக்பாலைப் பார்த்து வெள்ளந்தியாகச் சிரித்தான். "நல்ல மனுசங்க உங்க வீட்டுக்காரரு. கோடை ஆரம்பிச்சதுலேர்ந்து அங்கயே கெடக்கறாரு. எங்கம்மாதான் தெனம் பால் குடுத்து விடும். இப்படி ஒரு சைரன்காரரு எங்களுக்கு வாச்சதுக்கு..."

அவன் பேசப் பேச மக்பாலுக்கு முகத்தில் சூடு ஏறியது. ஒரு கிராமத்துக்கே தெரிந்திருக்கிறது. பால் கொடுத்திருக்கிறார்கள். இவளுக்கு மட்டும் தெரியவில்லை. அவன் இருக்கும் இடத்துக்கும் இவள் மேஜைக்கும் பஸ்ஸில் ஒரு தூக்கம் போடும் தூரம், இவள் மலைமேல் இருப்பதாக நினைத்து அவனுக்குக் கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறாள்.

மாப்பிள்ளையை ஆர்த்தூர் தேநீர் குடிக்க அழைத்துப்போனான். தோக்தார் எழுந்து தடுப்பைத் தாண்டிப் போனார். தம்பி மகனைச் சுற்றி வந்து, மோந்து பார்ப்பது போலக் குனிந்து பார்த்தார். பிறகு அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். சேறு தெறித்தது.

"உன் சாவ நான் பாதி சொல்லி முடிச்சிட்டேன்டா, மானங்கெட்டவனே" என்றார். குரல் உடைந்தது. "வாழ்க்கையில ஒரு தடவகூட நான் பாதில நிறுத்தினது கெடையாது." கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார்.

இருவர் மட்டும் மிஞ்சினார்கள்.

மக்பால் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை. "ஏன்?" என்றாள். "பயமா? பயம்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா? வேற ஆளப் போட்டிருப்பாங்களே. பிள்ளைங்கடா அங்க!"

"ஏரிக்குப் பயமில்ல" என்றான். "மேல இருந்தா நான் தப்பிச்சிடுவேன் மக்பால். அன்னைக்கும் அப்படித்தான். நான் முகட்டுல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கீழ தெமிர் சுத்திக்கிட்டே இருந்தான். எங்காலு நனையல. இந்த வருஷம் ஏறிப் போனேன், குடில் கதவத் தெறந்தேன், அந்த ஜன்னலப் பாத்தேன்... எறங்கிட்டேன். வர்றதுன்னா என்னையும் சேத்து வாரிக்கிட்டுப் போகட்டும்னு அந்த ரூம்ல போயி உக்காந்தேன்."

"அங்க உக்காந்து கண்ணால பாத்தேன்னு பொய் சொன்ன."

"சொன்னேன்."

"தெமிர் சுத்துனப்ப மேல நீ பாத்துக்கிட்டு இருந்த. இந்தத் தடவ மேல யாருமே இல்ல. ரெண்டும் ஒண்ணா?"

அவன் கைப்பிடியைத் தன் காலருகே தரையில் வைத்தான். விரல்கள் அதன் வடிவத்திலேயே மடங்கி இருந்தன, நீட்ட வரவில்லை. அவளுக்கு அவன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவன் உயிரோடு நிற்பதைப் பார்த்து வந்த நிம்மதிக்கும் அளவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி இருக்கின்றன என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. நாளைக்கு விசாரணை வரும். வேலை போகும், ஒருவேளை அதற்கு மேலும் வரும். அவள் எதையும் பூசி மெழுகப் போவதில்லை. அவனுக்கும் அது தெரியும் என்று அவன் நின்ற நிற்பே சொன்னது.

மக்பால் திரைப் பக்கம் திரும்பினாள். குடிலில் பழைய லைப்ரரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் திறந்து கிடந்தது, யார் வேண்டுமானாலும் வந்து கண்ணால் பார்த்தேன் என்று சொல்லலாம். அதை நிறுத்தினாள். புதியதை எடுத்து வைத்தாள். இப்போது ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

"மூடிட்டியா?" என்றான் பின்னாலிருந்து.

"மூடிட்டேன்."

"இனிமே நான் உங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் இன்னும் கண்ணாடித் தடுப்புக்கு வெளியேதான் நின்றிருந்தான், சேற்றுக் காலோடு உள்ளே வரலாமா என்று தெரியாமல்.

"உள்ள வந்து சொல்லு" என்றாள்.

அவன் குனிந்து, மடங்கிய விரல்களால் பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தான். முடியவில்லை. மக்பால் எழுந்து போய் அவன் காலருகே உட்கார்ந்து, திட்டிக்கொண்டே முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள்.